தனியனை விடுங்கள், கூட்டத்தைப் பிடியுங்கள்: செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றியை அடக்கும் வழி

செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, கன்று நட்ட முதல் இரண்டு மூன்று வருடம்தான் காட்டுப்பன்றிக்கும் நமக்கும் உண்மையான சண்டை. அதற்குப் பிறகு மரம் தடித்துவிடும். பன்றி கீழே உதிர்ந்த பழத்தைத் தின்னும், தாழ்வாக இருக்கும் குலையைக் கடிக்கும், அவ்வளவுதான். ஆனால் கன்றாக இருக்கும்போது ஒரு தாயும் அதன் குட்டிகளும் ஒரே இரவில் ஒரு நிரையையே தோண்டிப் போட்டுவிடும். அதற்கு வேண்டியது இலையல்ல, அடியில் இருக்கும் வெள்ளைக் குருத்து. குருத்து போனால் கன்று போச்சு. ஹெக்டருக்கு 136 கன்று என்று கயிறு பிடித்து நட்டவனுக்கு, நடுவில் விழுந்த ஓட்டை அடுத்த மறுநடவு வரைக்கும், அதாவது ஏறக்குறைய 25 வருடத்துக்கு, ஓட்டைதான். அந்த இடத்தில் பின்னால் வைக்கும் கன்று பக்கத்து மரத்தின் நிழலில் நோஞ்சானாகவே நிற்கும்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ஜாகாவாக (காவலாளியாக) சேர்ந்து, மண்டோராகி (மேற்பார்வையாளராகி), ஓய்வுக்கு அப்புறம் மலையடிவாரத்தில் சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை வைத்திருக்கிறேன். துப்பாக்கி லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. அதனால் வாரக் கடைசியில் இளவட்டங்கள் மோட்டாரில் வந்து, "அங்கிள், பன்றிக்குப் போகலாமா?" என்று நிற்பார்கள். அவர்களுக்கு வாசலில் நின்று சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது கன்றைக் காப்பாற்றும் வேலை. கோரைப்பல் நீண்ட ஒற்றை ஆணைச் சுட்டுப் போட்டு, அதன் மேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வது வேறு வேலை. அந்த ஆணைத் தனியன் என்போம். அதைக் கொல்வதால் தோட்டத்துக்கு ஒரு காசு லாபமில்லை.

ஏன் என்று கேட்டால், கணக்கு பெண் பன்றியிடம்தான் இருக்கிறது. சினைக்காலம் சுமார் 115 நாள். ஒரு ஈற்றுக்கு நான்கிலிருந்து எட்டுக் குட்டி சாதாரணம். தீனி நன்றாகக் கிடைத்தால் பிறந்த குட்டியே ஒரு வயதை ஒட்டிச் சினை பிடித்துவிடும். தாய், அதன் மகள்கள், அவற்றின் குட்டிகள் எல்லாம் ஒரே கூட்டமாகத் திரியும். ஆண் வளர்ந்ததும் பிரிந்து தனியாகப் போய்விடும். ஒரு தனியன் செத்தால் பெலுக்காரிலிருந்து (புதர்க்காட்டிலிருந்து) இன்னொரு தனியன் வந்து அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு கூட்டத்தின் தாய்களை எடுத்துவிட்டால்தான் அந்தப் பக்கம் வருடக்கணக்கில் மூச்சு விடலாம்.

என் மருமகன் அமெரிக்க வீடியோவாக அனுப்பிக்கொண்டே இருப்பார். டெக்சஸ் மாநிலத்தில் ஹெலிகாப்டரில் இருந்தே சுடுகிறார்கள். 2011-ல் அதற்குச் சட்டமே போட்டார்கள். அதற்கு நேர்மாறாக மிசௌரி மாநிலம் 2016-ல் தன் இயற்கைப் பாதுகாப்புத் துறை நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தது. வேட்டைக்காரர் வந்து ஒன்றிரண்டைச் சுட்டதும் மிச்சக் கூட்டம் சிதறி, கூண்டுக்கு வராமல் போகிறது என்பதுதான் காரணம். எனக்கு மிசௌரிக்காரர் சொல்வது சரியாகப் படுகிறது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அங்கே பன்றி வந்தேறி. 1539-ல் ஸ்பானியர் தே சோட்டோ புளோரிடாவில் கப்பலில் இருந்து இறக்கிய வீட்டுப் பன்றிகளில் இருந்து தொடங்கிய கதை அது. நம் காட்டுப்பன்றி இந்த மண்ணிலேயே பிறந்தது. புலிக்கு அதுதான் சோறு. தீபகற்பத்துக் காட்டில் புலி 150-க்கும் குறைவு என்கிறார்கள். ஆகவே அவர்கள் அடியோடு ஒழிக்கப் பார்க்கலாம். நாம் பார்க்க வேண்டியது நம் கன்றிலிருந்து விரட்டுவதும், எல்லையோரத்துக் கூட்டத்தைக் குறைப்பதும் மட்டும்.

முதலில் காகிதம்

2010-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தீபகற்பத்தில் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம் இல்லாமல் சுடவும் கூடாது, கூண்டு வைக்கவும் கூடாது. "என் நிலத்துக்குள் வந்துவிட்டதே" என்று சொல்லித் தப்ப முடியாது. உரிமத்தில் எழுதியிருக்கும் இடம், நேரம், எண்ணிக்கை எல்லாவற்றையும் படித்துப் பாருங்கள். மலாய் சரியாக வராவிட்டால் படித்த பிள்ளையை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபாரஸ்ட் ரிசர்வ் எல்லைக்குள் கால் வைக்க வனத்துறையின் அனுமதி தனி.

துப்பாக்கிக்கு 1960-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் போலீஸ் லைசென்ஸ் வேண்டும். அது ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு மட்டும் அல்ல. என் துப்பாக்கியை என் தம்பி மகன் தூக்கிக்கொண்டு போனால் இரண்டு பேரும் உள்ளே போவோம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, வீட்டில் குழாய் வைத்துச் செய்த துப்பாக்கி, இதற்கெல்லாம் 1971-ம் ஆண்டுச் சட்டப்படி 14 வருடம் வரை சிறையும் பிரம்படியும் உண்டு.

கம்பிச் சுருக்கு வேண்டவே வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். சுருக்குக்குப் பன்றி, தாபிர் (குட்டைத் தும்பிக்கை மாதிரி மூக்குள்ள காட்டு விலங்கு), மான், புலி என்று வித்தியாசம் தெரியாது. எது கால் வைத்தாலும் இறுக்கிவிடும். நடைபாதையில் நாண் இழுத்துத் தானாகச் சுடும் பெலாந்திக், தீனியில் வைக்கும் வெடி, விஷம் எல்லாமே அப்படித்தான். வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக் கம்பியில் கொடுப்பது அதைவிட மோசம். பன்றிக்கு வைத்த கம்பியில் ஆள் செத்த செய்தி இந்த நாட்டில் புதிதல்ல. மின்வேலி போடுவதென்றால் அதற்கென்றே விற்கும் துடிப்புக் கருவியை வாங்கிப் போடுங்கள், எச்சரிக்கைப் பலகையை நான்கு மொழியிலும் மாட்டுங்கள்.

ஓராங் அஸ்லிகள் (இந்த மண்ணின் பழங்குடிகள்) தங்கள் குடும்பத்தின் உணவுக்காகப் பன்றி வேட்டையாடச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. லாசா பக்கத்துத் தெமியார் ஆட்களிடம் போய், "உனக்குத்தான் லைசென்ஸ் வேண்டாமே, எனக்கு ரெண்டு பன்றி அடித்துக் கொடு, காசு தருகிறேன்" என்று பேரம் பேசாதீர்கள். விற்றால் மாட்டிக்கொள்வது அவர்கள்தான்.

தரையைப் படிப்பது

காலையில் பெரட்டு (ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது) முடிந்து ஆட்கள் நிரைக்குள் இறங்கும் முன்பே ஒரு சுற்று நடந்துவிடுங்கள். ஆளும் மோட்டாரும் போன பிறகு தரையில் ஒன்றும் மிஞ்சாது.

முதல் கேள்வி, கன்றைக் கெடுத்தது பன்றியா, முள்ளம்பன்றியா? பலரும் இங்கேயே கோட்டை விடுகிறார்கள். முள்ளம்பன்றி கன்றின் அடியை உளி வைத்து அறுத்ததுபோல் கடிக்கும். இரண்டு பல் பதிந்த கோடு பக்கம் பக்கமாகத் தெரியும். சுற்றி மண் அவ்வளவாகக் கலைந்திருக்காது; தேடினால் ஒரு முள்ளாவது கிடைக்கும். காட்டுப்பன்றி மூக்கால் உழும். மண் புரண்டு கிடக்கும், கன்று வேரோடு சாய்ந்திருக்கும், குருத்தை மென்று துப்பிய நார் பக்கத்திலேயே கிடக்கும். முள்ளம்பன்றி செய்த வேலைக்குப் பன்றிக் கூண்டு வைத்துக் காத்திருப்பதில் பிரயோசனம் இல்லை.

அடுத்து, எப்போது வந்தது? புரண்ட மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். அன்றைய இரவின் வேலையாக இருந்தால் மண் உள்நிறத்தில் கருத்து ஈரமாக இருக்கும், அறுந்த சிறு வேரின் நுனி வெள்ளையாக இருக்கும். ஒரு பகல் வெயில் பட்டுவிட்டால் வேர் நுனி பழுப்பாகிவிடும், மண்கட்டியின் மேல்தோல் வெளுத்துவிடும். மழை பெய்திருந்தால் கட்டியின் முனைகள் கரைந்து வழவழவென்றிருக்கும். மழைக்கு முன்னா, பின்னா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

குளம்பைப் பாருங்கள். தோட்டத்தில் மாடு மேய்கிறது, மேலே மானும் உண்டு. பன்றியின் தடத்தில் இரண்டு பெரிய குளம்புக்குப் பின்னால், கொஞ்சம் வெளிப்பக்கமாக, இரண்டு சின்னக் குளம்பு குத்தியிருக்கும். சேற்றில் இது தெளிவாகப் பதியும். மாட்டுக்கு அது பதியாது. தடம் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடந்தால் அது கூட்டம். பெரிய தடம் ஒன்று மட்டும் போய்க்கொண்டிருந்தால் தனியன், அவனை விட்டுவிடுங்கள். மூன்று விரல், நான்கு விரல் பதிந்த வட்டமான தடம் கண்டால் அது தாபிர். தாபிரைச் சுட்டால் தொலைந்தீர்கள். அந்திநேரத்தில் குட்டியை மட்டும் பார்த்து ஏமாறுவதும் நடக்கும். பன்றிக்குட்டிக்கும் உடம்பில் நீளவாக்கில் வரி உண்டு, தாபிர்க் குட்டிக்கும் வரியும் புள்ளியும் உண்டு. மூக்கைப் பார்த்தால் தெரியும், தாயைப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்புறம், சேறு. பாரிட் (வாய்க்கால்) ஓரத்தில் புரண்டு எழுந்த பன்றி நேராக ஒரு மரத்தில் போய் உடம்பைத் தேய்க்கும். செம்பனை அடிமட்டையில் அந்தச் சேறு எந்த உயரத்தில் அப்பியிருக்கிறதோ அதுதான் பன்றியின் உயரம். முழங்கால் அளவில் நிறையப் பூச்சும், அதற்கும் கீழே இன்னும் பலவும் இருந்தால் தாயும் பிள்ளைகளும் வந்து போகிற இடம். கூண்டுக்கு இடம் தேடுகிறவன் முதலில் பார்க்க வேண்டியது இந்த மரங்களைத்தான். சாணியைக் குச்சியால் கிளறினால் செம்பனை நார் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். எந்தத் தோட்டத்துப் பழத்தைத் தின்று கொழுக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்காதீர்கள், எல்லார் பழத்தையும்தான்.

உதிரிப் பழம்

இதைச் சொன்னால் இளவட்டங்களுக்குக் கொட்டாவி வரும். ஆனால் துப்பாக்கி செய்யாததை இது செய்யும். நெகிரி செம்பிலானில் பாசோ காடு இருக்கிறது. மூன்று பக்கமும் செம்பனை சூழ்ந்த காடு. அங்கே ஆராய்ச்சி செய்தவர்கள் 1996-ல் சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றி, 1998-ல் 27 பன்றி என்று மதிப்பிட்டார்கள். காட்டுக்கு அது மிக அதிகம். காரணமாக அவர்கள் சொன்னதில் முக்கியமானது, வருடம் முழுக்க உதிர்ந்துகொண்டே இருக்கும் செம்பனைப் பழம். காட்டு மரம் காய்க்கும் காலத்தில் மட்டும் வயிறு நிறைந்த விலங்குக்கு நாம் பன்னிரண்டு மாதமும் விருந்து வைக்கிறோம். இன்னொரு காரணம், புலி அந்தக் காட்டில் இல்லாமல் போனது. ஈனும் முன் தாய்ப்பன்றி காட்டு நாற்றுகளை நூற்றுக்கணக்கில் ஒடித்துக் கூடு கட்டும். ஆகவே இந்தப் பெருக்கம் காட்டையும் அரிக்கிறது.

ஆகவே அறுவடை முடிந்த கையோடு உதிரிப் பழத்தைப் பொறுக்கச் சொல்லுங்கள். அது எண்ணெய் அதிகமுள்ள பழம், எடைக்குப் பணமும் வரும். வெட்டிய மட்டை அடுக்கைப் பெலுக்கார் ஓரத்தில் மலையாகக் குவிக்காதீர்கள். பன்றி பகலில் அதன் நிழலில்தான் படுக்கும். எல்லைக்கும் கன்றுக்கும் நடுவில் லாலாங் புல்லை வெட்டி ஒரு வெளியை விடுங்கள். வெட்டவெளியைக் கடக்கப் பன்றிக்குத் தயக்கம் உண்டு. பட்டாசு, ரேடியோ, மினுக்கும் விளக்கு இதெல்லாம் சில நாளைக்குத்தான். பழகிவிட்டால் பாட்டுக் கேட்டுக்கொண்டே தோண்டும்.

பட்டி போடுவது

ஒரு பன்றி நுழையும் சின்னப் பெட்டிக் கூண்டு விற்கிறார்கள். வாங்காதீர்கள். அதில் மாட்டுவது பெரும்பாலும் ஒரு பருவக்குட்டி. வெளியே நின்று அதன் அலறலைக் கேட்ட தாய் இனி எந்தக் கம்பிக்குப் பக்கத்திலும் வராது.

வட்டமாகப் பட்டி போடுங்கள். மூலை இருந்தால் எல்லாம் மூலையில் போய் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தாண்டிவிடும். வீட்டுக்கு சிமென்ட் தளம் போட வாங்கும் பி.ஆர்.சி. வலைதான் நல்லது. ஒரு விரிப்பு ஏறக்குறைய 6 மீட்டர் நீளம், 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் அகலம். மூன்று விரிப்பை நீளவாக்கில் நிறுத்திச் சுற்றினால், ஒன்றோடொன்று மேவியது போக, 5 மீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம் கிடைக்கும். வலைக்கண் பெரிது என்பதால் வரிக்குட்டி ஊர்ந்து போய்விடும். கீழ்ப்பாதிக்கு மட்டும் இன்னொரு வலையை அரைக்கண் தள்ளிக் கட்டினால் கண் சின்னதாகும். வலையின் அடியை ஓர் அடி ஆழத்துக்காவது மண்ணில் புதையுங்கள். இரும்புக் குழாயை வலைக்கு வெளிப்பக்கம் நட்டு, வலையை உள்பக்கம் கட்டுங்கள். பன்றி உள்ளிருந்து முட்டும்போது வலை குழாயில் சாய வேண்டும், கட்டுக் கம்பியில் அல்ல. மேலே கூரை வேண்டாம்.

கதவு மேலிருந்து விழும் பலகைக் கதவாக இருக்கட்டும். அகலம் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் தாய் தயங்கும். இழுவைக் கம்பியைக் கதவருகில் வைக்காதீர்கள். உள்ளே கடைசிக் கோடியில், தீனிக் குவியலுக்குப் பின்னால், முழங்காலுக்குக் கீழே கட்டுங்கள். குட்டிதான் எப்போதும் முதலில் ஓடி வரும். கம்பி முன்னால் இருந்தால் குட்டி தட்டிக் கதவு விழுந்து, தாய் வெளியே நின்றுவிடும்.

தீனியாகச் செம்பனைப் பழத்தை வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். தோட்டம் முழுக்கக் கிடப்பதைத் தின்ன அது ஏன் கம்பிக்குள் வர வேண்டும்? தோட்டத்தில் இல்லாததை வையுங்கள். சோளத்தை வாளியில் தண்ணீர் ஊற்றி மூடி, வெயிலில் புளிக்க வைத்தால் வாடை தூரம் போகும். பலாவும் பலா மாதிரியான செம்படாக்கும் காய்க்கும் பருவத்தில் தோலையும் சக்கையையும் கடைக்காரர் சும்மாவே கொடுப்பார். மரவள்ளிக் கிழங்கும் ஆகும். கையுறை போட்டுக்கொண்டு வையுங்கள். வெற்றிலை, பீடி, கோடாலித் தைலம் எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம்.

கதவை மேலே கட்டிவைத்துவிட்டு, முதலில் நடைபாதையில் கொஞ்சம், பிறகு கதவுக்கு வெளியே, பிறகு வாசலில், கடைசியாக உள்ளே என்று தீனியை நகர்த்திக்கொண்டே போங்கள். ஒரு ட்ரெயில் கேமராவை எதிர் மரத்தில் கட்டுங்கள். விலை மலிவுதான், கூட்டத்தில் எத்தனை தாய், எத்தனை குட்டி என்று அது சொல்லிவிடும். இங்கேதான் பொறுமை வேண்டும். ஏழு பன்றி உள்ள கூட்டத்தில் ஐந்து உள்ளே வருகிறது என்றால் கதவைத் தொடாதீர்கள். ஏழும் அடுத்தடுத்த இரவுகளில் கவலையில்லாமல் உள்ளே நின்று தின்னட்டும். இரண்டு வாரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். பிறகுதான் கம்பியைப் பூட்ட வேண்டும். பூட்டிய இரவுக்கு மறுநாள் விடியற்காலையில் கட்டாயம் போங்கள். வெயிலில் தண்ணீர் இல்லாமல் விலங்கை வாட்டுவது பாவம். அது மட்டுமா, பயத்தில் முட்டி முட்டிப் பட்டியையே சாய்த்துவிடும். தாபிரோ மானோ மாட்டியிருந்தால் கதவைத் தூக்கிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பன்றியை லைசென்ஸ் உள்ளவர் வெளியிலிருந்து, வலைக் கண்ணுக்குள், தலையில் பக்கத்தில் நின்று ஒரே தோட்டாவில் முடிக்க வேண்டும். பெரியதை முதலில். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்க்காதீர்கள்.

துப்பாக்கி

பட்டிக்கு வராமல் மிஞ்சும் ஒன்றிரண்டு தாய்க்குத்தான் துப்பாக்கி. நம்மிடம் இருப்பது பெரும்பாலும் 12 போர் செனாப்பாங் பத்தா (நடுவில் மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கி). பல குண்டு அடங்கிய எஸ்.ஜி. தோட்டாவின் குண்டுகள் போகப் போக விரியும். என் கணக்கு, மூன்று மரத் தூரம். 9 மீட்டர் இடைவெளியில் நட்ட தோட்டத்தில் மூன்று மரம் என்றால் 27 மீட்டர். அதற்கு மேல் சுடுவது பன்றியைக் காயப்படுத்தி அனுப்பும் வேலை. குறி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். இதயமும் நுரையீரலும் அங்கேதான். வளர்ந்த ஆணுக்குத் தோளில் தோலுக்கடியில் கெட்டியான தடிப்பு இருக்கும். அதில் பட்டால் குண்டு வேகம் இழந்துவிடும்.

பன்றிக்குக் கண் மட்டம், காது கூர்மை, மூக்கோ அபாரம். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க நான் சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம் வைத்திருப்பேன். ஒரு சிட்டிகை உதிர்த்தால் தெரிந்துவிடும், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். மலையடிவாரத்தில் அந்தி சாய்ந்ததும் குளிர்ந்த காற்று மேலிருந்து கீழே இறங்கும். பன்றியும் மேலே பெலுக்காரிலிருந்து இறங்கும். கீழே உட்கார்ந்தவனின் வாடை அதற்குப் போகாது. காலை வெயில் ஏறியதும் காற்று மேல்நோக்கித் திரும்பிவிடும், அப்போது இடத்தை மாற்ற வேண்டும்.

இந்த நாட்டில் பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது. கூட வந்த நண்பனையே சுட்டிருக்கிறார்கள். செம்பனைத் தோட்டம் காலியாக இருக்கிறது என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். இருட்டோடு வரும் பால்மரத் (ரப்பர்) தொழிலாளி, மட்டை அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கும் வங்காளதேசத் தம்பி, தவளை பிடிப்பவர், மாடு தேடுபவர், யாரும் இருக்கலாம். மண்டோருக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். சத்தத்துக்கும் அசைவுக்கும் சுடாதீர்கள். முழு உடம்பும், தலை எது வால் எது என்பதும் தெரிந்த பிறகே விரல் உள்ளே போகட்டும். படிக்கட்டு நிலத்தில் மேல் தட்டிலோ பரணிலோ இருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு மண்ணுக்குள் போகும். இரண்டு பேர் போனால் இரண்டு பேரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, வேலை முடியும்வரை அசையக் கூடாது. குடித்தவனுக்கு வண்டியிலேயே இடம் கிடையாது.

அடிபட்டு ஓடினால் உடனே பின்னால் ஓடாதீர்கள். அரைமணி நேரம் இருங்கள். நின்ற இடத்தில் ரத்தம் நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, தூரம் போயிருக்காது. கருஞ்சிவப்பாகவோ சாணி வாடையோடோ இருந்தால் வயிறு. இன்னும் காத்திருக்க வேண்டும். தேடிப் போகும்போது புதரை முன்னால் வைத்து நடக்காதீர்கள். காயம்பட்டது திரும்பி வந்தால் நேராகத் தொடையைக் கிழிக்கும். நாய் வைத்துத் தேடுவோர் உண்டு. நாயின் குடல் வெளியே வருவதைப் பார்த்ததில் இருந்து எனக்கு அதில் மனமில்லை.

நடைபாதையில் புலித் தடம் கண்டால் அன்றைய வேலை முடிந்தது. பெர்ஹிலித்தானுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள். அந்தப் பக்கம் பன்றியைக் குறைக்க உங்களைவிட நல்ல ஆள் வந்துவிட்டார்.

செத்த பிறகு

காயம் எதுவும் இல்லாமல் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாதீர்கள். 2021 பிப்ரவரியில் சபாவிலும், அந்த ஆண்டு இறுதியில் மலாக்காவிலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. மனிதருக்கு அது தொற்றாது, ஆனால் பன்றிப் பண்ணையை அழித்துவிடும். கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பூட்ஸைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பண்ணைப் பக்கம் போகாதீர்கள். மனிதருக்கு வரும் நோய் எப்படி இருக்கும் என்பதை 1998-99-ல் நிபா காட்டியது. ஈப்போ பக்கம் தொடங்கி நெகிரி செம்பிலான் வரை போய், 105 பேர் இறந்து, பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்றார்கள். அது பண்ணைப் பன்றியில் வந்ததுதான். இருந்தாலும் எந்தப் பன்றியையும் வெறுங்கையால் அறுக்கக் கூடாது என்பதற்கு அது போதும். கையுறை, நீளக்கை, கையில் வெட்டு இருந்தால் அந்த வேலையே வேண்டாம். இறைச்சி எலும்பு வரை வேக வேண்டும். நடுவில் சிவப்பு இருக்கும் காட்டுப்பன்றிப் பிரட்டலை எவ்வளவு மிளகு போட்டாலும் நான் தொடமாட்டேன், உள்ளே புழு இருக்கலாம்.

ஆற்றிலும் பாரிட்டிலும் வைத்துக் கழுவாதீர்கள். கீழே கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார், சுராவில் (சின்னத் தொழுகைக் கூடத்தில்) கைகால் கழுவுகிறார். வண்டியில் கொண்டு போகும்போது தார்ப்பாய் போட்டு மூடுங்கள். குடலையும், வேண்டாத உடம்பையும் ஒரு மீட்டருக்குக் குறையாத குழியில், தண்ணீர் ஓடும் இடத்தை விட்டுத் தள்ளிப் புதையுங்கள். சுண்ணாம்பு இருந்தால் மேலே தூவுங்கள். மேலோட்டமாகப் புதைத்தால் உடும்பும் நாயும் இழுத்துப் போட்டு வாடை கிளப்பும். இறைச்சியை விற்க நினைத்தால் அதற்கும் தனி உரிமம் வேண்டும்.

கூட்டத்தை எடுத்த பிறகும் கன்றுக்குக் காவல் வேண்டும். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் கம்பி வலையை வளையமாக வளைத்து, மூன்று குச்சியில் கட்டி, அடியை மண்ணில் அழுத்திவிடுங்கள். மட்டை விரிய இடம் விட்டுக் கட்டுங்கள். பெலுக்கார் ஓரத்து மூன்று நான்கு நிரைக்கு இதைச் செய்தாலே போதும், நடு வயலுக்கு அவசியம் இல்லை. அடி தடித்ததும் வலையைக் கழற்றி அடுத்த மறுநடவுக்கு எடுத்து வையுங்கள். பட்டியைப் பிரிக்காமல் கதவை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை கேமராவின் அட்டையை எடுத்துப் பாருங்கள். புதிதாக ஒரு தாய் வந்திருந்தால் சோளத்தை ஊறப் போட வேண்டிய நேரம்.